ஆஸ்திரேலிய ஐஸ் ஹாக்கி அணிக்கு உபகரணப் பொறுப்பு: சாணை, பெஞ்ச் பெட்டி, வெளியூர்ப் பயணம்

நீலக்கோடு (கேள்வி)

வணக்கம் மக்களே. ஏ.ஐ.எச்.எல். (ஆஸ்திரேலிய ஐஸ் ஹாக்கி லீக்) அணி ஒன்றின் உபகரணப் பொறுப்பு இந்த சீசன் என் கைக்கு வந்திருக்கிறது. சம்பளம் கிடையாது. ஆடுகிறவர்களே பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி பயிற்சிக்கு வருகிற லீக், அதனால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 18 வீரர்கள், 2 கோலிகள் (கோல் காப்பாளர்கள்). ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை ஓட வேண்டும்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, ஸ்கேட் சாணை. எல்லாருக்கும் 1/2 இன்ச் குழிவு (பிளேடின் அடியில் நீளவாக்கில் எடுக்கிற பள்ளம்) போட்டால் போதுமா, ஆளுக்கு ஒன்று போட வேண்டுமா? கோலிகளுக்கு என்ன?

இரண்டு, வெளியூர் வார இறுதி. சனிக்கிழமை ஒரு மேட்ச், ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச். பெர்த், அடிலெய்ட், பிரிஸ்பேன் என்றால் விமானம்தான். சாணை மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதா? அங்கிருக்கும் ரிங்க் (பனித்தளம்) கடையை நம்புவதா?

மூன்று, மேட்ச் நடக்கும்போது பெஞ்சுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பெட்டியில் என்னென்ன?

கனடாவிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் வீரர்கள் மார்ச் கடைசியில் வந்து இறங்குவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே என்ன கேட்டு வைக்க வேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது.

---

சாணைக்கல்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதுவே நீளமாகப் போகும்.

எல்லாருக்கும் ஒரே குழிவு வேண்டாம். அதற்காக இருபது பேருக்கு இருபது அளவும் வேண்டாம். பயிற்சி முகாமிலேயே எல்லாரையும் மூன்று அளவுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்: 1/2, 5/8, 3/4. கல்லின் வளைவை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் டயமண்டால் (வைர முனையால்) கல்லைச் சீவ வேண்டும். கல்லும் தேயும், நேரமும் போகும். ஒரே அளவுக்காரர்களை வரிசையாக முடித்துவிட்டு அடுத்த அளவுக்குப் போங்கள். ஒழுங்காகப் பராமரித்த ஜோடி ஒன்றுக்கு 6 முதல் 8 நிமிடம். இருபது ஜோடிக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் தீரும். வீரர் பிளேடின் தடிமன் ஏறக்குறைய 2.9 மி.மீ. 1/2 இன்ச் என்றால் 12.7 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துணுக்கு. அதன் குழி ஆழம் 0.083 மி.மீ. 5/8 போட்டால் 0.066. 3/4 போட்டால் 0.055. வீரர் "கால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது", "ரொம்பக் கடிக்கிறது" என்று சண்டை போடுவதெல்லாம் இந்த நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்காகத்தான். ஆகவே அளவைவிட முக்கியம், ஒவ்வொரு வாரமும் அதே அளவு மாறாமல் வருவது. 5/8 கேட்டவருக்கு ஒரு வாரம் 1/2 போல, மறு வாரம் 3/4 போல வந்தால் அவர் ஸ்கேட்டையும் நம்ப மாட்டார், உங்களையும் நம்ப மாட்டார்.

கோலி பிளேடு ஏறக்குறைய 4 மி.மீ. தடிமன். அதில் 1/2 இன்ச் போட்டால் ஆழம் 0.158 மி.மீ., அதாவது வீரருக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. வீரரின் 1/2 இன்ச்சுக்குச் சமமான ஆழம் கோலிக்கு வேண்டுமென்றால் ஆரம் 1 இன்ச்சை நெருங்க வேண்டும். பழைய கோலிகள் 1 இன்ச் கேட்டதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. இப்போதுள்ள இளம் கோலிகள் முழங்காலில் விழுந்தபடியே பக்கவாட்டில் தள்ளிப் போகிறார்கள். அதற்கு உள்விளிம்பு நன்றாகக் கடிக்க வேண்டும், அதனால் 5/8, 1/2 கூடக் கேட்பார்கள். கேட்டதைக் கொடுங்கள். ஆனால் 1 இன்ச்சிலிருந்து நேராக 1/2-க்குத் தாவ விடாதீர்கள். 3/4-இல் இரண்டு பயிற்சி ஆடிப் பார்க்கட்டும்.

பனியையும் பாருங்கள். ஹாக்கிக்கு மேற்பரப்பு மைனஸ் 5, 6 டிகிரி இருந்தால் நல்லது. பொதுமக்கள் சறுக்கல், ஃபிகர் ஸ்கேட்டிங், ஹாக்கி எல்லாம் ஒரே தளத்தில் நடக்கிற ரிங்க்கில் பனி அதைவிட மென்மையாக இருக்கும். மென்மையான பனியில் ஆழக் குழி தேவையில்லை, பிளேடு தானாகவே அமிழும். கனடாவின் கெட்டிப் பனியில் 1/2 போட்டுப் பழகி வருகிறவர் இங்கே முதல் வாரம் "கால் பாரமாக இருக்கிறது" என்றால் 5/8 போட்டுக் கொடுங்கள்.

செய்முறை:

முதலில் பிளேடை ஈரமில்லாமல் துடையுங்கள். விளிம்பில் நகத்தைக் குறுக்காக வைத்து, முன் முனையிலிருந்து குதி (குதிகால் பக்கம்) வரை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுகிற இடத்தில் பல், அதாவது சிறு வெட்டு, விழுந்திருக்கிறது. பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் கல்லைப் படுக்கவைத்துத் தேய்த்து எடுத்த பிறகுதான் மெஷினின் தாங்கியில் மாட்ட வேண்டும். பிசிறோடு மாட்டினால் பிளேடு சாய்ந்து உட்காரும்.

கல்லை ஜோடிக்கு ஒருமுறை டயமண்டால் சீவுங்கள். மெல்லிய சீவல் போதும், ஆனால் கல்லின் முழு அகலமும் புதிதாகத் தெரிய வேண்டும்.

சாதாரணத் தேய்மானத்துக்கு 3 முதல் 5 இழுப்பு. பெரிய பல் விழுந்ததென்றால் பத்துக்கு மேலும் போகும். ஒரு இழுப்புக்கு 4, 5 விநாடி, முழு நீளமும் ஒரே வேகம், ஒரே அழுத்தம். முனையிலும் குதியிலும் கை தயங்கினால் அங்கே உலோகம் கூடுதலாகப் போகும். சில மாதத்தில் பிளேடின் வடிவமே மாறிவிடும். நீல நிறம் ஏறினால் அழுத்தம் அதிகம், சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். கடைசி இழுப்பு பிளேடில் துளி எண்ணெய் தடவி, ஏறக்குறைய அழுத்தமே இல்லாமல்.

பிறகு நுண் கல்லைப் பக்கவாட்டில் தட்டையாக வைத்து இரண்டு பக்கமும் ஓரிரு முறை. கல்லைச் சாய்த்துவிட்டால் போட்ட விளிம்பைக் கையாலேயே மழுக்கிவிட்டீர்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

கடைசியாக, காந்தப் பட்டை மட்டமானியை வைத்து இரண்டு விளிம்பும் ஒரே உயரமா என்று பாருங்கள். முனையருகே, நடுவில், குதியருகே என்று மூன்று இடத்தில்.

கனடாக்காரர் யாராவது எஃப்.பி.வி. வடிவம் (வளைவுக் குழிக்குப் பதில் அடி தட்டையான பள்ளம்) கேட்டால், அதற்குரிய சீவும் உருளை உங்கள் மெஷினில் இருந்தாலொழிய ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியூரில் அதைத் திருப்பிப் போட்டுக் கொடுக்க ஆள் கிடைக்காது.

---

மூன்றாம்பீரியட்

சாணையைப் பற்றி மேல சொன்னவர் வடிவாச் சொல்லிட்டார். நான் பயணத்தையும் பெட்டியையும் பற்றிச் சொல்லுறன்.

மெஷினைப் பிளேனிலை கொண்டு போகாதேங்கோ. மெஷினுக்குப் பதிலா ஸ்டீலை (பிளேட்டை) கொண்டு போங்கோ. இப்பத்தையான் ஸ்கேற் எல்லாத்திலையும் ஹோல்டரிலை (ஸ்கேற்றின்ரை அடியிலை ஸ்டீலைப் பிடிக்கிற பகுதி) இருந்து ஸ்டீலை விசையை அழுத்திக் கழற்றலாம், அல்லது ஒரு ஸ்குரூவோட கழற்றலாம். ஆளுக்கு இரண்டு ஜோடி ஸ்டீல் இருக்கோணும் எண்டு சீசன் தொடங்க முதலே சொல்லிப் போடுங்கோ. வியாழன் இரவு உங்கட மெஷினிலை நாற்பது ஜோடியையும் சாணை பிடியுங்கோ. இருபது ஜோடி ஸ்கேற்றிலை, மற்ற இருபது பையிலை. சனி மட்ச் முடிய மாத்தினால் ஞாயிறு எல்லாருக்கும் புது விளிம்பு. பழக்கமில்லாத மெஷினிலை, பழக்கமில்லாத கையாலை போட்ட விளிம்போட ஆரும் ஆடத் தேவையில்லை.

ஸ்டீல் ஜோடி ஒவ்வொண்டையும் துணியிலை சுத்தி, மேல ரேப் ஒட்டி, நம்பர், குழிவு, இடது வலது மூண்டையும் எழுதுங்கோ. இடது ஸ்டீல் எப்பவும் இடதுக்குத்தான் போகோணும். ஒரு கம்பனியின்ரை ஸ்டீல் மற்றக் கம்பனியின்ரை ஹோல்டருக்குப் போகாது, அதே கம்பனியிலும் பழைய மொடலும் புது மொடலும் மாறும். அளவு ஸ்டீலிலேயே அடிச்சிருக்கும். பௌவர் (Bauer) கம்பனி எண்டால் 254, 263, 272, 280, 288, 296 எண்டு போகும். பட்டியல் ஒண்டு போட்டு வைச்சால், ஆருக்கும் ஸ்டீல் உடைஞ்சால் அதே அளவுக்காரர் ஆர் எண்டு உடனை தெரியும்.

சிட்னி, நியூகாசில், சென்ட்ரல் கோஸ்ற், கான்பெரா அணிகளுக்கு இந்த நாலுக்கும் இடையிலை பஸ்சிலையே போய் வரலாம். கான்பெராவிலை இருந்து சிட்னி மூண்டு மணித்தியாலம் சொச்சம். அந்தப் பயணங்களுக்கு வேணுமெண்டால் மெஷினையும் ஏத்துங்கோ. மெல்போர்னிலை இருந்து பெர்த் நாலு மணித்தியாலப் பிளேன், அதிலை ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஒரு பை 32 கிலோவைத் தாண்டினால் எடுக்கவே மாட்டினம், காசு கட்டினாலும் சரி. கோலி காலிலை கட்டுற பாட்ஸை வேறை பையிலை பிரிச்சு வையுங்கோ. ஸ்ரிக்குகளை எட்டு, பத்தாக் கட்டி நீளப் பையிலை போடுங்கோ, கோலி ஸ்ரிக் வெளிப்பக்கம் வரக்கூடாது, துடுப்புப் பகுதி முறியும். ஸ்டீல், கத்தி, கத்தரிக்கோல், திருப்புளி எல்லாம் கீழ போற பையிலை. லித்தியம் பற்றரியும் பவர் பாங்கும் கையோட. தீப்பிடிக்கிற ஸ்பிறே ஒண்டும் எதிலையும் வேண்டாம்.

இனிப் பெஞ்ச் பெட்டி. கனக்கச் சாமான் வைச்சால் தேடுறதிலை மட்ச் முடிஞ்சிடும். இவ்வளவும் காணும்:

- ஸ்டீல் கழற்றுற சாவி, கையாலை இழுக்கிற சின்னச் சாணைக்கல். பெஞ்சிலை விளிம்பு மடிஞ்சால் இரண்டு இழுப்பிலை நிமிர்த்தி விடலாம். பல் விழுந்தால் கல்லோட மெனக்கெடாமல் ஸ்டீலை மாத்துங்கோ, பழகின கைக்கு ஒரு நிமிசம் கூட ஆகாது.
- நட்சத்திரத் திருப்புளி 2-ஆம் நம்பர், நீளம் ஒண்டு, கட்டை ஒண்டு. ஹெல்மெற் ஸ்குரூ, நட், கம்பி முகமூடி கிளிப், நாடி வார், ரப்பர் வாசர்.
- லேஸ் 108 இன்ச், 120 இன்ச், மெழுகு பூசினதும் பூசாததும்.
- ரிவெட்டுக்குப் பதிலாப் போடுற பித்தளை அல்லது இரும்புப் போல்ற், ரீ-நட். ஹோல்டர் "டிக் டிக்" எண்டு சத்தம் போட்டால் ரிவெட் தளர்ந்திட்டுது. இடைவேளையிலை போல்ற் போட்டு ஆட விட்டு, வீட்டை வந்து ஒழுங்கா ரிவெட் அடியுங்கோ.
- துணி ரேப் 24 மி.மீ. கறுப்பு, வெள்ளை, சொக்ஸ் ரேப் கனக்க.
- கோலிக்குத் தோல் வார், பக்கிள், பாட்ஸின்ரை முனையைக் கட்டுற கயிறு. அந்தக் கயிறு அறுந்தால் 72 இன்ச் ஸ்கேற் லேஸே காணும்.
- நம்பர் வேறையாப் போட்ட ஒரு மாற்றுச் சட்டை. சட்டையிலை ரத்தம் பட்டால் அதோட ஆட விடமாட்டினம். நம்பர் மாறினதை ஸ்கோர் மேசைக்குச் சொல்ல மறந்தால் அது வேறை பிரச்சினை.
- பஞ்சு, கையுறை, ஐதரசன் பெரொக்சைட்.

ஹெல்மெற் ஸ்குரூ கழலுது எண்டு திரெட் லொக்கர் பசை போடாதேங்கோ. பொலிகாபனேற் வைசரிலை (முகத்துக்கு முன்னாலை வாற கண்ணாடி) அது பட்டால் ஸ்குரூ ஓட்டையைச் சுத்தி வெடிப்பு விழும். நைலோன் பிடிப்புள்ள நட் போடுங்கோ. வைசரைத் துடைக்க அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் வேண்டாம், பனிமூட்டம் பிடிக்காத பூச்சு போயிடும்.

ஸ்ரிக்: ஆளுக்கு இரண்டு பெஞ்ச் பக்கம், நம்பர் வரிசைப்படி, பிடி மேல பாத்த மாதிரி. ஸ்ரிக் முறிஞ்சால் வீரர் முறிஞ்சதைக் கையிலை வைச்சு ஆடக்கூடாது, உடனை போடோணும், இல்லையெண்டால் பெனல்ற்றி. நீங்களும் புது ஸ்ரிக்கைத் தளத்துக்கு எறியக் கூடாது. உங்களிட்டை இருந்து எண்டால் அவர் பெஞ்சுக்கு வந்து கையாலை வாங்கோணும். நம்பரைக் கத்தினவுடனை உங்கட கை அந்த ஸ்ரிக்கிலை இருக்கோணும், அதுதான் உங்கட வேலை. கோலிக்கு மட்டும் விலக்கு, முறிஞ்ச ஸ்ரிக்கோட ஆட்டம் நிக்கும் வரைக்கும் அவர் ஆடலாம்.

வெளிநாட்டு ஆக்களிட்டை இப்பவே கேளுங்கோ: எந்தக் கை, ஸ்ரிக் வளைவு என்ன (பி92, பி28, பி88 மாதிரி), ஃபிளெக்ஸ் (ஸ்ரிக் எவ்வளவு வளைஞ்சு குடுக்கும்) எவ்வளவு, நீளம் எவ்வளவு வெட்டுறவர், ஸ்கேற் மொடல், ஹோல்டர், ஸ்டீல் அளவு, குழிவு, ஸ்டீலிலை விசேஷ புறொஃபைல் (முனையிலை இருந்து குதி வரைக்குமான வளைவு) போட்டிருக்கோ. கடைசி ஒண்டை ஒருத்தரும் கேக்கிறேல்லை. மாற்று ஸ்டீலையும் அதே புறொஃபைலோட அவர் வரேக்கையே கொண்டு வரச் சொல்லுங்கோ. அவரின்ரை ஊரிலை அது ஒரு நாள் வேலை, இஞ்ச கடை தேடித் திரியோணும்.

---

நீலக்கோடு

இருவருக்கும் மிக்க நன்றி. மாற்று ஸ்டீல் யோசனையை நிர்வாகத்திடம் கொண்டுபோகிறேன்.

இன்னும் இரண்டு சிக்கல். நேற்று மெஷினைப் பார்த்தோம். கனடாவிலிருந்து வந்த பழைய மெஷின், படுக்கைக் கல் (கிடைமட்டமாகச் சுழல்வது). லேபிளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒரு டிரான்ஸ்பார்மர் வழியாக ஓட்டியிருக்கிறார்கள். மோட்டார் கை வைக்க முடியாத அளவு சூடாகிறது, கல்லும் சீக்கிரம் தேய்கிறது என்றார்கள்.

அடுத்து, தடுப்பாட்டக்காரர் ஒருவர் இடது பக்கம் திரும்பும்போது வழுக்குகிறது என்கிறார். சாணை பிடித்து இரண்டு நாள்தான் ஆகிறது. மெஷின் கோளாறா, பிடித்தவர் கோளாறா?

---

மின்விசை

மெஷின் சூட்டுக்குக் காரணம் லேபிளிலேயே இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஆஸ்திரேலியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்ஷன் மோட்டார் 50-இல் ஓடினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். நிமிடத்துக்கு 3450 சுற்று போட வேண்டியது 2870 பக்கம் வந்து நிற்கும். 203 மி.மீ. விட்டமுள்ள கல் என்றால் அதன் விளிம்பு வேகம் விநாடிக்கு 37 மீட்டரிலிருந்து 31-க்கு இறங்கிவிடும். வேகம் குறைந்த கல் மென்மையான கல்லைப் போல நடந்துகொள்ளும், கல்லின் துகள் உதிரும், சீக்கிரம் தேயும். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான்.

சூடு வேறு காரணம். 120 வோல்ட்டை அப்படியே வைத்து ஹெர்ட்ஸ் மட்டும் குறைந்தால் மோட்டாரின் இரும்பில் காந்தப்புலம் அளவுக்கு மீறி ஏறும், வீணான மின்னோட்டம் இழுக்கும். வோல்ட்டுக்கும் ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்க வேண்டும். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. 50 ஹெர்ட்ஸுக்கு 100 வோல்ட். ஜப்பானியச் சாதனங்களுக்காக விற்கிற 100 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் சூடு அடங்கும். வேகக் குறைவு அப்படியே இருக்கும், அதோடு வாழலாம். இழுப்பைக் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும். வேகமும் சரியாக வேண்டுமென்றால் மோட்டாரையே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுவதுதான் வழி. அதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். மோட்டாரை மாற்றும்போது புதிய வேகம், கல்லின் மேல் அச்சிட்ட உச்ச வேகத்தைத் தாண்டக்கூடாது. பெல்ட் வைத்த மெஷின் என்றால் கப்பியின் அளவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

டிரான்ஸ்பார்மரின் திறனையும் பாருங்கள். 250 வாட் மோட்டார்தானே என்று 300 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) வாங்கிவிடுவார்கள். மோட்டார் கிளம்பும் விநாடியில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 1500 வி.ஏ. இருந்தால் தொல்லை இல்லை. மண் இணைப்பு உள்ளதா என்பதும் முக்கியம், ரிங்க்கில் தரை எப்போதும் ஈரம்.

கார்பன் பிரஷ் வைத்த சிறிய மெஷினுக்கு இந்த ஹெர்ட்ஸ் கதை பொருந்தாது, சரியான வோல்ட் கொடுத்தால் ஓடும். லேபிளில் 50/60 என்று போட்டிருந்தாலும் கவலையில்லை.

மெஷின் எவ்வளவு நாள் சும்மா கிடந்தது என்று தெரியவில்லை, அதனால் கல்லைக் கழற்றி விரலில் தொங்கவிட்டு, திருப்புளிக் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் சரி. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், தூக்கிப் போடுங்கள். புதுக் கல் மாட்டியதும் ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று ஓட விடுங்கள். சாணைத் தூளுக்கு முகக்கவசம், கண்ணாடி இரண்டும் வேண்டும்.

---

சாணைக்கல்

வழுக்கலுக்கு வருகிறேன். அந்த வீரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இடது பக்கம் திரும்பும்போது இரண்டு காலும் வழுக்குகிறதா, ஒரு கால் மட்டுமா?

இடது பக்கம் திரும்பும்போது வேலை செய்வது வலது காலின் உள்விளிம்பும் இடது காலின் வெளிவிளிம்பும். அதாவது இரண்டு ஸ்கேட்டிலும் இடப்பக்க விளிம்பு. விரல் முனை எப்போதும் ஒரே திசையைப் பார்க்கும்படி தாங்கியில் மாட்டுகிறீர்கள் அல்லவா? அப்படியென்றால் மெஷின் மட்டம் தவறியிருந்தால் இரண்டு ஸ்கேட்டிலும் ஒரே பக்க விளிம்புதான் தாழ்ந்து வரும். ஆகவே இரண்டு காலும் ஒரே திருப்பத்தில் வழுக்கினால் மெஷின் மட்டம் தவறிவிட்டது. மற்ற வீரர்களும் கொஞ்ச நாளில் அதையே சொல்வார்கள். ஒரு கால் மட்டும் என்றால் அந்த ஸ்டீலோ ஹோல்டரோதான்.

மட்டம் தவறுவது எவ்வளவு எளிது பாருங்கள். கல்லின் உச்சி பிளேடின் நடுவை விட்டு 0.1 மி.மீ. விலகினால், 1/2 இன்ச்சில் ஒரு விளிம்பு மற்றதைவிட 0.023 மி.மீ. உயரும். மொத்தக் குழி ஆழமே 0.083 என்றேன், அதில் கால்வாசிக்கு மேல் கோணல். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

உயர்ந்த விளிம்பு என்பது கல்லின் உச்சிக்குத் தூரமாக இருக்கும் விளிம்பு. படுக்கைக் கல் மெஷினில் மேல் விளிம்பு உயரமாக வந்தால் பிளேடு மேலே ஏறி நிற்கிறது, தாங்கியைக் கீழே இறக்குங்கள். கீழ் விளிம்பு உயரம் என்றால் மேலே ஏற்றுங்கள். கால்வாசிச் சுற்று திருகி, இரண்டு இழுப்பு போட்டு, மட்டமானி வைத்துப் பாருங்கள். பழைய ஸ்டீலில் சரிசெய்த பிறகுதான் வீரரின் ஸ்டீலைத் தொட வேண்டும். கோலிக்கு 4 மி.மீ. பிளேடு என்பதால், ஒரு பக்கம் மட்டும் அசைந்து பிடிக்கிற தாங்கியில் ஒவ்வொரு முறையும் உயரம் மாற்ற வேண்டும். கோலிகளைக் கடைசியில் வையுங்கள்.

ஒரு கால் மட்டும் என்றால் ஸ்டீலைக் கழற்றி, நேர்கோல் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்திருந்தால் மட்டமானி முனையில் ஒன்று, குதியில் வேறொன்று காட்டும். வளைந்த ஸ்டீலை நிமிர்த்த முயலாதீர்கள், மாற்றுங்கள். ஸ்டீல் நேராக இருந்தால் ஹோல்டரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ரிவெட் தளர்ந்ததா, பிளாஸ்டிக் விரிந்ததா என்று தெரியும். அதுவும் இல்லையென்றால் விளிம்பில் நகம் வையுங்கள். உடை மாற்றும் அறையிலிருந்து பெஞ்ச் வரை ரப்பர் பாய் விரிக்காத சிமெண்ட் தரையில் நாலு அடி நடந்தாலே விளிம்பு போய்விடும். சாணை பிடித்து "இரண்டு நாள்தான்" என்பதில் அர்த்தமே இல்லை, போன பிறகு எதை மிதித்தார் என்பதுதான் கேள்வி.

ஒன்றில் மட்டும் மூன்றாம்பீரியட் அவர்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாருக்கும் ஞாயிறு காலை ஸ்டீல் மாற்றத் தேவையில்லை. சிலருக்கு ஒரு மேட்ச் ஆடி லேசாக மழுங்கிய விளிம்புதான் பிடிக்கும், புது விளிம்பில் நிற்கும்போது தடுமாறுவார்கள். கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

---

மூன்றாம்பீரியட்

அது சரி, ஏற்றுக்கொள்ளுறன். ஆனால் கேட்டுப் போட்டு எழுதி வையுங்கோ. மட்ச் தோத்தால் "நான் மாத்தச் சொன்னனான்" எண்டு கதை மாறும்.

---

ஈரக்கையுறை

யாரும் உலர்த்துவதைப் பற்றிப் பேசவில்லையே. சனி ராத்திரி மேட்ச் முடிந்து, ஞாயிறு மதியம் அடுத்த மேட்ச் என்றால், இடையில் இருப்பது பதினாறு பதினேழு மணி நேரம். ஈரச் சாமானைப் பையில் பூட்டி வைத்தால் நாற்றத்தோடு போகாது. தோலில் புண் வரும், கையுறையின் உள்ளங்கை கிழியும், ஹெல்மெட் ஸ்குரூ துருப்பிடிக்கும்.

எதிரணியின் ரிங்க்கில் ராத்திரி பூட்டுப் போடும் அறை கிடைக்குமா என்று செவ்வாய்க்கிழமையே கேட்டு வையுங்கள். கிடைத்தால் சாமானைத் தூக்கவே வேண்டாம். கொக்கியில் மாட்டி, தரை விசிறி இரண்டு ஓட விட்டால் போதும். சூடான காற்று வேண்டாம், வேகமான காற்றுதான் வேண்டும். ஹீட்டர் முன்னால் வைத்த ஸ்கேட்டில் பசை இளகி அடித்தளம் பிரியும். ஸ்கேட்டின் நாக்கை முன்னால் மடக்கி, உள் அட்டையை உருவி, ஸ்டீலைக் கழற்றித் துடைத்து வையுங்கள். ஸ்டீல் உட்காரும் பள்ளத்தில்தான் தண்ணீர் தேங்கும். கையுறையை விரல் மேல் பார்த்தபடி மாட்டுங்கள், கவிழ்த்துத் தொங்கவிட்டால் ஈரம் விரல் நுனியில் இறங்கித் தங்கும்.

பிளேடுக்கு பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். பைக்குள் போகும்போது துணி உறை. பிளாஸ்டிக்கில் ஈரத்தோடு பூட்டிய பிளேடில் பெர்த் போய் இறங்குவதற்குள் துரு புள்ளி வைத்துவிடும்.

கழுத்துக் காப்பு இரண்டு மூன்று உபரியாகப் பையில் போடுங்கள். 2023 அக்டோபர் 28-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் கழுத்தில் பிளேடு வெட்டி இறந்த பிறகு, சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. வீட்டில் மறந்துவிட்டு வருகிற சாமான்களில் அதுவும் ஒன்று. துவைத்தபின் அதன் வெட்டுத் தாங்கும் துணி சுருங்கி இடைவெளி விடுகிறதா என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணிக்கு மென்மையூட்டும் திரவமோ ப்ளீச்சோ போடக்கூடாது.

---

நீலக்கோடு

கேட்டுவிட்டேன். வழுக்குவது வலது கால் மட்டும். ஸ்டீலைக் கழற்றி நேர்கோல் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, குதிப் பக்கம் வளைந்திருக்கிறது. 280, மாற்று ஸ்டீல் அவரிடம் இல்லை. பட்டியலைப் பார்த்தால் அதே ஹோல்டர், அதே அளவு இன்னும் இருவருக்கு. ஒருவரிடம் கடன் வாங்கி 5/8 போட்டு மட்டமானி வைத்தேன், மூன்று இடத்திலும் மட்டம்.

டிரான்ஸ்பார்மரின் பின்னால் 110 வோல்ட், 500 வி.ஏ. என்று இருக்கிறது. 100 வோல்ட், 1500 வி.ஏ. தேடிக்கொண்டிருக்கிறேன். கல் மணி போல ஒலிக்கிறது.